அக்கா பேரில் தங்கையின் ரேகை

செஞ்சி ஆதார் மையத்தில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது ஒரு பெண் இருக்கிறாள். போன வாரம் எனக்கு போன் செய்தாள்.

“அண்ணே, ஒரு பெரியவரு வந்திருக்காரு. எத்தினி வாட்டி போட்டாலும் ரிஜெக்ட் ஆவுது. ஏற்கெனவே எடுத்தாச்சுன்னு வருது. அவரு இன்னான்னா எடுக்கவே இல்லன்னு சத்தியம் பண்றாரு.”

“அவரு வீட்டுல இருக்கற எல்லாரு கார்டையும் எடுத்துனு வரச் சொல்லு.”

“எல்லாருதுமா? எதுக்குண்ணே?”

போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை. அதனால் எழுதுகிறேன். அவளுக்கும், இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கும் உதவலாம்.

என் படிப்பு பத்தாவதில் பாதியோடு நின்றது. செஞ்சியை அடுத்த அனந்தபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நைனா அடித்ததால் ஓடிப்போனேன் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அப்படியெல்லாம் இல்லை. ஒரு லாரியில் இடம் இருந்தது, ஏறிவிட்டேன். பெங்களூரில் சிமென்ட் மூட்டை தூக்கினேன். திருவண்ணாமலையில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் கேமரா பிடிக்கக் கற்றுக்கொண்டேன். அதுவும் சலித்துப்போய் சூரத்துக்குப் போனேன், சாயத் தொட்டி கழுவினேன், கையில் தோல் உரிந்ததும் விட்டேன். சாப்பிடாத நாட்களும் உண்டு, பஸ் ஸ்டாண்டில் படுத்த நாட்களும் உண்டு. அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஊருக்குத் திரும்பியபோது கேமரா தெரிந்தவன் என்று ஆதார் எடுக்கும் இடத்தில் உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார்கள். ஆபரேட்டர் ஆக வேண்டுமானால் பன்னிரண்டாவது வேண்டும் என்றார்கள். தலையில் நரை விழுந்த பிறகு தனித்தேர்வராகப் பரீட்சை எழுதினேன். தேர்வறையில் என்னை மேற்பார்வையாளர் என்று நினைத்துப் பையன்கள் எழுந்து நின்றார்கள்.

பயிற்சி விழுப்புரத்தில் நடந்தது. கணினியில் எந்தக் கட்டத்தில் எதை நிரப்புவது என்று சொல்லிக் கொடுத்தார்கள். மனிதர்கள் எந்த நிலைமையில் வருவார்கள் என்பது மையத்தில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

செஞ்சியைச் சுற்றிக் கல் உடைப்பவர்கள் அதிகம். அவர்கள் விரலில் ரேகை தேய்ந்திருக்கும். கண்ணாடிப் பலகையில் வைத்தால் திரையில் வெள்ளைத் திட்டு மட்டும் தெரியும். ஈரத்துணியால் விரலைத் துடைத்து, காய விடாமல் உடனே வைத்து, மேலிருந்து மெதுவாக அழுத்தினால் கொஞ்சம் விழும். அழுத்தும்போது ஆபரேட்டர் தன் விரல் கண்ணாடியில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டால் அந்த மனிதருடைய பதிவில் நம் ரேகை கலந்துவிடும். முதலில் இடது கை நான்கு விரல், பிறகு வலது கை நான்கு விரல், கடைசியில் இரண்டு கட்டை விரலும் சேர்த்து. அதற்குப் பிறகு கண்கள். ரேகை விழவே இல்லையென்றால் கண் போதும். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அவர்கள் ஏதோ குற்றம் செய்துவிட்டது போலத் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

இன்னொரு விஷயம் டீக்கடையில் தெரிந்தது. பஜாரில் ஒரு கடையில் போண்டா வாங்கினேன். மடித்துக் கொடுத்த தாளில் எண்ணெய் ஊறி ஒரு பெண்ணின் முகம் தெரிந்தது. கீழே ஆதார் எண் முழுதாக இருந்தது. ஜெராக்ஸ் கடையில் சரியாக விழாத நகல்களைக் கட்டுக்கட்டாகப் போண்டாக் கடைக்குப் போட்டுவிடுகிறார்கள்.

“இன்னாபா, ஊரு ஜனத்தையே மடிச்சுத் தர்றே?” என்றேன்.

“பேப்பர் கெட்டியா இருக்குது சார். எண்ண கையில ஒட்டாது” என்றார் கடைக்காரர்.

அதற்குப் பிறகு மையத்துக்கு வருகிறவர்களிடம் சொல்ல ஆரம்பித்தேன். நகல் எடுத்தால் பாழான தாளையும் கேட்டு வாங்கிக் கிழித்துப் போடுங்கள். எண்ணின் முன்பகுதி மறைக்கப்பட்ட கார்டையே முடிந்தவரை கொடுங்கள். போனில் வருகிற ஓடிபியை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள், நான் கேட்டாலும் சொல்லாதீர்கள், நீங்களே பார்த்து அடியுங்கள். இப்போது செயலி வந்துவிட்டது, முகத்தைக் காட்டினாலே வேலை முடிகிறது, நகல் கேட்பதும் குறைந்திருக்கிறது. ஆனாலும் பஜாரில் ‘ஆதார் திருத்தம் உடனடி’ என்று போர்டு மாட்டியவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். கார்டையும் போனையும் ஒன்றாக அவர்கள் கையில் கொடுத்துவிட்டு வெளியே நின்று வேடிக்கை பார்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

மையத்துக்குப் பொறுப்பாக வசந்தா மேடம் இருந்தார். என்னைவிட வயதில் சின்னவர். என்னை சேகர்ண்ணா என்றுதான் கூப்பிடுவார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கூட்டம் கத்த ஆரம்பித்தால் அவர் இன்னும் மெதுவாகப் பேசுவார். அது காதில் விழ வேண்டும் என்பதற்காகவே கூட்டம் அடங்கும். பிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுவந்து நாள் முழுக்கக் குடித்துக்கொண்டிருப்பார்.

அவரிடம் ஒரு வழக்கம். நாற்காலியில் உட்காருகிற ஆள் தன் பேரைத் தன் வாயால் சொல்ல வேண்டும். புருஷனோ, மகனோ, கூட வந்த கட்சிக்காரரோ பதில் சொன்னால் விரலை உயர்த்தி நிறுத்துவார். பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்த ஒரு முதலாளி தன் கடையில் வேலை செய்யும் பெண்களைக் கூட்டி வந்து, எல்லோருக்கும் தன் போன் நம்பரையே போடச் சொன்னார்.

“இதுங்களுக்கு இன்னா மேடம் தெரியும்? மெசேஜ் வந்தா என்கிட்டதான் வரணும்” என்றார்.

“வரும் சார். இவங்க பேங்க்ல இருந்து யாராவது பணம் எடுத்துட்டா போலீசும் உங்ககிட்டதான் வரும். போட்டுடவா?” என்று கேட்டார் மேடம்.

முதலாளி தள்ளி நின்றுகொண்டார். பெண்கள் ஆளுக்கொரு நம்பர் சொன்னார்கள். ஒருத்திக்குச் சொந்த போன் இல்லை. மேடம் அந்தக் கட்டத்தைக் காலியாக விடச் சொன்னார். அடுத்தவர் நம்பரைப் போடுவதைவிடக் காலியாக இருப்பது நல்லது என்பது அவர் கணக்கு.

இனி, வீட்டில் எல்லார் கார்டையும் ஏன் கேட்கச் சொன்னேன் என்ற விஷயம்.

மண்டகப்பட்டுக்குப் போகும் வழியில் ஒரு சின்ன கிராமத்திலிருந்து சூசை என்ற விவசாயி தன் மகள் ஸ்டெல்லாவைக் கூட்டி வந்தார். மையம் மாடியில் இருந்தது. படியில் பாதி ஏறியதும் அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். மேலே வந்து உட்கார்ந்தும் பேச முடியவில்லை. மேடம் தன் பிளாஸ்க் மூடியில் வெந்நீர் ஊற்றிக் கொடுத்தார்.

ஸ்டெல்லாவுக்கு இருதய வால்வில் கோளாறு. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்தபோது மூச்சு வாங்க ஆரம்பித்து ஊருக்குத் திரும்பியிருந்தாள். ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள். அரசுக் காப்பீட்டில் சேர்த்தால்தான் செய்ய முடியும், அதற்கு ஆதார் எண் வேண்டும் என்றார்கள். அவளிடம் ஆதார் இல்லை. எடுக்காமல் இல்லை. திருப்பூரிலும் எடுத்தாள், விழுப்புரத்திலும் எடுத்தாள். ஒவ்வொரு முறையும் ‘ஏற்கெனவே பதிவு உள்ளது’ என்று நிராகரித்துவிட்டார்கள். குறித்த நாளுக்கு எண் வராவிட்டால் அந்த இடத்தை அடுத்த நோயாளிக்குக் கொடுத்துவிடுவோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

“மிஷின்ல கோளாறு மேடம்” என்றார் சூசை. “எம் பொண்ணு ஒழுங்காதான் வெக்கிறா.”

“பேரு சொல்லுமா” என்றார் மேடம்.

“ஸ்டெல்லாதான் மேடம். நாந்தான் சொன்னனே” என்றார் சூசை.

மேடம் விரலை உயர்த்தினார். அந்தப் பெண் மூச்சைச் சேர்த்துக்கொண்டு, “ஸ்டெல்லா” என்றாள்.

படிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரு ரேகையைப் போட்டு இது யாருடையது என்று மையத்தில் தேட முடியாது. நல்லதுதான், இல்லாவிட்டால் யாருடைய விரலை வைத்தும் யார் வேண்டுமானாலும் ஆளைக் கண்டுபிடிக்கலாம். ஓர் எண்ணைப் போட்டு, அந்த எண்ணுக்கு இந்த ரேகை பொருந்துகிறதா என்று மட்டும் கேட்கலாம். ஆம் அல்லது இல்லை என்று பதில் வரும். ஸ்டெல்லாவின் ரேகை ஏதோ ஓர் எண்ணில் ஏறியிருக்கிறது. எந்த எண் என்பது தெரியவில்லை.

மேடம் வெந்நீரைக் குடித்துவிட்டு, “வீட்ல இருக்கற எல்லார் கார்டையும் நாளைக்குக் கொண்டாங்க ஐயா” என்றார்.

மறுநாள் ஒரு மஞ்சள் பையில் கொண்டுவந்தார்கள். சூசையுடையது, அவர் மனைவியுடையது, மகன், மருமகள். கடைசியாக ரீட்டா என்று ஒரு கார்டு.

“இது யாரு?”

“எம் பெரிய பொண்ணு. மஞ்ச காமாலைல போயிட்டா மேடம்.”

மேடம் அந்தக் கார்டை எடுத்து ஸ்டெல்லாவின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். படத்தில் இரட்டைச் சடை போட்ட ஒரு சிறு பெண் இருந்தாள். பிறந்த வருடத்தைப் பார்த்தால், ஊர் ஊராக ஆதார் முகாம் நடந்த சமயத்தில் ரீட்டாவுக்குக் கல்யாணமே ஆகியிருக்க வேண்டும்.

“இது யாரும்மா?” என்று ஸ்டெல்லாவிடம் கேட்டார்.

“நான்தான் மேடம்” என்றாள் அவள். ஒளிக்கிற எண்ணமே அவளிடம் இல்லை. “அக்காவுக்காக நான்தான் போயி எடுத்தேன்.”

நடந்தது இதுதான். முகாம்காரர்கள் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் மிஷின் வைத்திருந்தார்கள். ரீட்டா பிள்ளை பெற்று அம்மா வீட்டில் படுத்திருந்தாள். பச்சை உடம்புக்காரியைக் காற்றில் வெளியே அனுப்ப முடியாது. முகாம் மறுநாள் வேறு ஊருக்குப் போய்விடும், கார்டு இல்லாவிட்டால் ரேஷன் நின்றுவிடும் என்று ஊரில் பேச்சு. சூசை சின்ன மகளை அனுப்பினார். கூலி வாங்கும்போது வராதவனுக்காக அண்ணனோ தம்பியோ கைநாட்டு வைத்து வாங்கிக்கொள்வதைப் பார்த்து வளர்ந்தவர் அவர். வீட்டில் யாராவது ஒருவர் ரேகை வைத்தால் வீட்டு வேலை முடிந்தது. ரேஷன் கடையிலும் அப்படித்தானே நடக்கிறது, குடும்பத்தில் யார் விரல் வைத்தாலும் அரிசி வருகிறது. ஸ்டெல்லா அக்காவுக்காகப் பத்து விரலையும் வைத்தாள், கண்ணைக் காட்டினாள், படத்துக்கு உட்கார்ந்தாள். முகாம் நெரிசலில் முகத்தையும் பிறந்த வருடத்தையும் யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. தன் பேருக்கு இன்னொரு நாள் தனியாக எடுத்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டாள். அதற்குப் பிறகு ரீட்டாவின் விரலை யாரும் எங்கேயும் கேட்கவில்லை. புருஷன் வீட்டிலும் ரேஷனுக்கு மாமியார்தான் போனாள்.

இறந்தவர் எண்ணில் ரேகை வைத்துப் பார்ப்பது வழக்கமில்லை. மேடம் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, “போடுங்க சேகர்ண்ணா” என்றார். எண்ணைப் போட்டேன். ஸ்டெல்லா விரலை வைத்தாள். பொருந்துகிறது என்று வந்தது.

மேடம் சொல்ல வேண்டியதைச் சொன்னார். ரீட்டா இறந்த சான்றிதழைக் கொடுக்க வேண்டும். அந்தப் பதிவில் இருப்பது ரீட்டாவின் ரேகை இல்லை என்று சூசையும் ஸ்டெல்லாவும் உறுதிமொழி எழுதித் தர வேண்டும். மண்டல அலுவலகத்தில் அந்த எண்ணை ரத்து செய்வார்கள். அதற்குப் பிறகு ஸ்டெல்லா புதிதாகப் பதியலாம்.

சூசை எழுந்து நின்றார்.

“பொய் சொன்னேன்னு நானே எழுதித் தரணுமா? ஜெயில்ல போட்டுடுவாங்க.”

“தெரியாம செஞ்சதுக்கு யாரும் போட மாட்டாங்க ஐயா.”

“நீங்க சொல்றீங்க. மேல இருக்கறவன் சொல்லுவானா?” வாசலை எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “வேற ஒரு வழி இருக்குது மேடம். எம் மருமவளோட தங்கச்சி இன்னும் எடுக்கல. அவ ரேகைய வெச்சி இவ பேருல எடுத்துடலாம். பஜார்ல ஒருத்தரு முடிச்சித் தரேன்னு சொன்னாரு” என்றார்.

மேடம் கோபப்படவில்லை.

“எடுத்துடலாம். ஆஸ்பத்திரியில மயக்க ஊசி யாருக்குப் போடறது, அந்தப் பொண்ணுக்கா?”

“அது எப்படி மேடம்...”

“வாசல்ல விரல் வைக்கச் சொல்லுவாங்க. இவ விரல வச்சா இல்லன்னு வரும். அந்தப் பொண்ண வைக்கச் சொன்னா, அவளைத்தான் உள்ள கூட்டிட்டுப் போவாங்க. நாளைக்கு அவளுக்குக் கல்யாணம், பிரசவம்னு வந்தா இதே நாற்காலியில அவ வந்து உக்காருவா.”

சூசை படியில் போய் உட்கார்ந்துகொண்டார். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். மேடம் வேண்டாமென்று தலையசைத்தார். ஸ்டெல்லா எழுந்து அப்பாவிடம் போனாள். நான்கு அடி நடப்பதற்குள் நெஞ்சு ஏறி இறங்கியது.

“நைனா, நீ ஜெயிலுக்குப் போனா நான் வந்து பாக்கறேன். வாராவாரம் பிஸ்கட்டு வாங்கியாந்து தரேன். நான் போயிட்டா நீ எங்க வந்து பாப்ப?”

“வாய கழுவுடி.”

“நீ எழுதிக் குடு. கழுவறேன்.”

சூசை வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். பிறகு உள்ளே வந்து பேனா கேட்டார். மேடம் சொல்லச் சொல்ல அவரே எழுதினார். ‘என் மூத்த மகள் ரீட்டா ஒருபோதும் தன் கைவிரல் ரேகையோ கண் பதிவோ புகைப்படமோ தரவில்லை’ என்ற வரி வந்தபோது பேனா நின்றது.

“இத எழுதிட்டா, எம் பெரிய பொண்ணு இதுல எங்கயுமே இல்லன்னு ஆயிடுமா மேடம்?”

“அவங்க எங்ககிட்ட வரவே இல்லையே ஐயா. உங்ககிட்டதானே இருந்தாங்க” என்றார் மேடம்.

சூசை மீதியை எழுதி முடித்தார்.

தமிழ்நாட்டுக்கும் மண்டல அலுவலகம் பெங்களூரில்தான், தபாலில் அனுப்பினால் நாள் இழுக்கும். மேடம் என்னைப் பார்த்து, “உங்களுக்கு பெங்களூர் தெரியுமே” என்றார். தெரியும்தான், சிமென்ட் மூட்டையோடு தெரிந்த ஊர். சூசை, ஸ்டெல்லா, நான் மூவரும் பஸ்ஸில் போனோம். ஸ்டெல்லாவை ஜன்னல் ஓரம் உட்கார வைத்தோம். மண்டல அலுவலக வாசலில் இருந்த காவலாளி கன்னடத்தில் ஏதோ கேட்டார். என் பழைய மூட்டைக்காரக் கன்னடத்தில் பதில் சொன்னேன், சிரித்துவிட்டு உள்ளே விட்டார். அதிகாரி தமிழ் பேசினார். சூசையைத் தனியாக உட்கார வைத்து விசாரித்தார், ஸ்டெல்லாவைத் தனியாக விசாரித்தார். ரேகையைச் சரிபார்த்தார். இரண்டு பேரும் சொன்னது ஒன்றாக இருந்தது. வெளியே வந்த சூசை, “சேகரு, டீ குடிக்கலாமா?” என்றார். பயம் விட்டுப்போனது அதிலேயே தெரிந்தது.

எண் ரத்தானதும் மையத்தில் ஸ்டெல்லாவுக்குப் புதிய பதிவு போட்டேன். ஒவ்வொரு விரலையும் நன்றாகத் துடைத்து வைத்தேன். பதிய வந்தவர் பார்ப்பதற்கென்று வைத்த திரையில் தெரிந்த பேர், பிறந்த தேதி, ஊர் எல்லாவற்றையும் அவளையே வாய்விட்டுப் படிக்கச் சொன்னார் மேடம். அவளுடைய சொந்த நம்பரைப் போட்டோம். பிறகு காத்திருந்தோம். ஆஸ்பத்திரிக் காப்பீட்டுப் பிரிவுக்கு மேடமே போன் செய்து, பதிவு போயிருக்கிறது, அந்த இடத்தை விட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். அவர் ஒருவரிடம் கெஞ்சிப் பேசியதை அன்றுதான் கேட்டேன். குறித்த நாள் நெருங்கியபோது ஸ்டெல்லாவின் போனுக்கு எண் வந்தது. அவள் எங்களுக்கு போன் செய்து மூச்சு வாங்க வாங்க, “வந்துட்ச்சு” என்று மட்டும் சொன்னாள்.

அறுவை நடந்தது. தையல் ஆறிய பிறகு ஒருநாள் மையத்துக்கு வந்தாள். நிற்காமல் படியேறி வந்தாள். மேடம் அன்று அலுவலகக் கூட்டத்துக்குப் போயிருந்தார். ஸ்டெல்லா பையிலிருந்து ரீட்டாவின் கார்டை எடுத்து என் மேசையில் வைத்தாள்.

“அண்ணே, இத இன்னா பண்றது? நைனா பொட்டிக்குள்ள வெக்கச் சொல்றாரு.”

“ரத்தானதுதாம்மா. இருந்தாலும் வேற யார் கையிலயாவது மாட்டக் கூடாது. நம்பர் தெரியாத மாதிரி துண்டாக்கிப் போட்டுடு.”

மேசையில் கத்தரிக்கோல் இருந்தது. எடுத்துக்கொண்டாள். முதலில் எண்ணைப் பொடிப்பொடியாக வெட்டிக் குப்பைக் கூடையில் போட்டாள். பிறகு இரட்டைச் சடை போட்ட தன் படத்தைச் சுற்றி வெட்டினாள். அதை வைத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அதையும் கூடையில் போட்டாள். மிஞ்சியிருந்த ஒரு சின்னத் துண்டில் ரீட்டா என்ற பேர் மட்டும் இருந்தது. அதை மடிக்காமல் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டு, “வரேண்ணே” என்று கிளம்பினாள்.